பச்சை வாலும் படிவம் ஏழும்

நம்மவர் ஒரு பொய்யைப் பதினொரு வருஷமாக வளர்த்து வந்தார். பெற்ற மகளுக்கே எட்டு வயசுதான். ஆக, அந்த வீட்டில் மூத்த பிள்ளை அந்தப் பொய்தான். கண்ணும் கருத்துமாகத்தான் வளர்த்தார்.

பொய் இது: நம்மவர் கல்லூரியில் நீச்சல் சாம்பியன். நிஜம் இது: குளிக்கும்போது வாளி நிரம்பி வழிந்தால்கூட நம்மவர் இரண்டடி பின்னால் போய் நிற்பார்.

இதையெல்லாம் நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அவரே வாயைத் திறந்து சொன்னது. தன்னைக் கிண்டல் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் பாதியைக் குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஆரம்பம் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில். கழுத்து பிடித்துக்கொண்டு, தலை ஒரு பக்கமாகத் திரும்பி, சுவரோடு பேச வந்தவர் போல உள்ளே போனார். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அங்கே நின்றவள்தான் பிற்பாடு மனைவியானாள். அவர் தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே, "விளையாட்டு ஏதாவது உண்டா?" என்று கேட்டாள்.

கேரம் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் நிஜம். ஆனால் அந்த வயசில், அந்தக் கட்டைவிரல் தோளில் இருக்கும்போது, எந்த ஆம்பிளைக்குக் கேரம் என்று வாய் வரும்?

"நீச்சல்," என்றார் சுவரைப் பார்த்து. "காலேஜ்ல சாம்பியன்."

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். "ம்ம்," என்றாள்.

அந்த ஒரு "ம்ம்" நம்மவரைக் கவிழ்த்துவிட்டது. எவ்வளவு மரியாதை, எவ்வளவு வியப்பு அதில் என்று வீடு போய்ச் சேரும் வரை நினைத்துக்கொண்டே போனார். நான்கு மாதத்தில் கல்யாணம் ஆனது.

அவர் வேலையையும் சொல்லிவிடுகிறேன். தகர டப்பா செய்கிற தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தலையில் மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் விசில், கையில் அட்டை, அட்டையில் படிவம் ஏழு. முதல் ஆறு படிவமும் அவர் சேருவதற்கு முன்பே இருந்தவை. ஏழாவது அவரே யோசித்து, அவரே எழுதி, அவரே அச்சடித்தது. புது ஏணியோ புதுக் கயிறோ, படிவம் ஏழு இல்லாமல் வாசலைத் தாண்டாது. கருவியின் பெயர், பயன்படுத்தும் இடம், அனுமதிக்கப்பட்ட உயரம், அனுமதிக்கப்பட்ட ஆழம் என்று கட்டம் கட்டமாகக் கேள்வி. அடியில் தடித்த எழுத்தில் ஒரு விதி: "கையொப்பமிடுபவர் கருவியை முதலில் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும்." இந்த விதிக்காகப் புது இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நம்மவர் கூரையிலிருந்து இருபது நிமிஷம் தொங்கியிருக்கிறார். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் எச்சரிக்கை. அவர் காதில் விழாமல் கூப்பிடுவதாக அவர்கள் நினைப்பு. அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

இப்படியாக எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, மகளின் எட்டாவது பிறந்த நாள். ஒரு பார்சல் வந்தது. சித்தி அனுப்பினாள் என்றாள் மனைவி. பிரித்தால், வால்.

பச்சைத் துணி. மேலெல்லாம் பளபளவென்று செதில். அடியில் இரண்டு பாதத்தையும் ஒன்றாகச் செருகிக்கொள்ள அகலமான ரப்பர் துடுப்பு. கடல்கன்னி வால். மகள் ஐந்தே நிமிஷத்தில் இடுப்புக்குக் கீழே மீனாகிவிட்டாள். சோபாவில் சாய்ந்து ஒரு ஆட்டு ஆட்டினாள். நம்மவர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாள் அவர் கையை விட்டுப் போய் ஜன்னலோரம் விழுந்தது.

"அப்பா, இதைப் போட்டுக்கிட்டு எங்க நீந்தறது?"

"குளத்துலதான்," என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை நீச்சல் குளத்துக்குப் போவோம். அப்பா உன்கூட இறங்குவார்."

"ஆமா, அப்பாதான் சாம்பியனாச்சே. எங்க கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

நம்மவர் எழுந்து போய்ச் செய்தித்தாளைப் பொறுக்கினார். பதினொரு வருஷம் சமாளித்த மனுஷன். கடற்கரைக்குப் போனால் சளி பிடிக்கும். ஆற்றங்கரைக்குப் போனால் காது வலிக்கும். தங்குகிற ஓட்டலில் நீச்சல் குளம் இருந்தால் தொழிற்சாலையிலிருந்து அவசரமாக போன் வரும். இப்போது அந்தப் பொய்க்கு வால் முளைத்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. மனைவி கண்டுபிடித்தால்கூடப் போகட்டும், மானத்தை வாங்கிவிட்டு விட்டுவிடுவாள். மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

"குளமெல்லாம் சரிப்படாது," என்றார்.

"ஏங்க?"

"வழுக்கற தரை. ஆயிரம் பேர் இறங்கற தண்ணி. வாலும் புதுசு. சோதனை பண்ணாத கருவி அது."

"அப்ப எங்கதான் நீந்துவா?"

"வீட்டிலேயே நீந்தட்டும்."

"வீட்டுல எங்கங்க தண்ணி?"

"தேடினா கிடைக்கும்."

மனைவி காலண்டரைப் பார்த்தாள். "சரி, தேடுங்க. ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் டைம். கிடைக்கலைன்னா குளம்தான். நீங்களும் இறங்கணும்."

ஆறு நாள். இந்த ஆறு நாளில் வீட்டுக்குள்ளேயே ஒரு கடலைக் கண்டுபிடித்துவிடுவது என்று நம்மவர் தீர்மானம் செய்தார். அட்டையை எடுத்தார். ஒரு புதுப் படிவம் ஏழைச் செருகினார். கருவியின் பெயர்: வால்.

செவ்வாய்க்கிழமை, குளியல் தொட்டி.

டேப்பை வைத்து அளந்தார். தொட்டி நாலரை அடி. மகள் வாலோடு ஐந்தரை அடி. ஒரு அடி உதைத்தது. கொஞ்சம் மடங்கிப் படுத்தால் போதும் என்று முடிவெடுத்தார். தண்ணீர் விட்டார். தொட்டியின் உள்விளிம்பில் தலையணை கட்டினார். மகளைத் தூக்கி உள்ளே விட்டார். துடுப்பு மட்டும் சுவரோரம் நட்டுக்கொண்டு வெளியே நின்றது. அவள் தலையை உள்ளே முக்கினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கில் நம்மவர் பாய்ந்து அவளை வெளியே இழுத்தார். 

"என்னப்பா?"

"மூச்சு... மூச்சு."

"நான் சும்மாதான்ப்பா இருந்தேன்," என்று சலித்துக்கொண்டு மகள் ஒரு திரும்பு திரும்பினாள். அவ்வளவுதான். துடுப்பு ஒரு வீசு வீசியது. ஷாம்பு, சோப்பு, பல்துலக்கி, நம்மவரின் மூக்குக் கண்ணாடி எல்லாம் ஒரே சமயத்தில் புறப்பட்டன. தொட்டித் தண்ணீரில் பாதி நடைக்கு வந்தது. நடைக்கு வந்ததில் பாதி கீழ்வீட்டுக்குப் போனது.

கீழ்வீட்டில் இருப்பவர் ரயில் ஓட்டுகிறவர். ராத்திரியெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார். ஐந்தாவது நிமிஷம் வாசலில் வந்து நின்றார். கையில் விரித்த குடை.

"என்ன சார் நடக்குது மேல?"

"குளியல்."

"யாருக்கு? யானைக்கா?"

"பொண்ணுக்குத்தான்."

"பாப்பாவுக்கா? அதுதான் சனிக்கிழமை சனிக்கிழமை..."

"டீ குடிங்கண்ணே," என்று மனைவி எங்கிருந்தோ வந்து அவர் கையில் கோப்பையைத் திணித்தாள். அவர் டீயோடு மீதி வாக்கியத்தையும் சேர்த்து விழுங்கினார். நம்மவர் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். குனிந்து துடைக்கிறவனுக்கு மேலே நடப்பது தெரியாது என்று இப்போது அவரே தலையில் அடித்துக்கொள்கிறார்.

புதன்கிழமை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. ஏணி வைத்து ஏறினார். மூடியைத் திறந்தார். உள்ளே கருகருவென்று தண்ணீர். எட்டிப் பார்த்த உடனே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மனைவி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அது நாம குடிக்கற தண்ணிங்க."

"தெரியும். சும்மா ஆழம் பார்த்தேன்."

"எவ்வளவு ஆழம்?"

"தேவைக்கு மேல."

"சரி, இறங்கி வாங்க."

"வரேன், வரேன். கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்."

காற்று வாங்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ரயில்காரர்தான் வந்து ஒவ்வொரு காலாகப் பிடித்துப் படியில் வைத்து இறக்கிவிட்டார்.

வியாழக்கிழமைக்குள் நம்மவருக்குப் புது யோசனை பிறந்துவிட்டது. தண்ணீர்தானே தகராறு? தண்ணீரே இல்லாவிட்டால்? மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்தப் பயிற்சிக்கும் முதல் கட்டம் உலர்ந்த பயிற்சி என்று விளக்கினார். கட்டிலில் நீல விரிப்பைப் போட்டார். மகளை வாலோடு அதில் குப்புறப் படுக்க வைத்தார். காற்றாடியை வேகமாக வைத்தார், அலைக்காக. தானும் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வயிற்றை அதில் வைத்துப் படுத்துக்கொண்டு கையையும் காலையும் வீசிக் காட்டினார்.

மனைவி கதவோரம் சாய்ந்து நின்று ரசித்தாள்.

"கையை ஏங்க அப்படிச் சுத்தறீங்க? கொசு விரட்டற மாதிரி இருக்கு."

"இது எங்க காலேஜ் முறை."

"காலு?"

"அதுவும் காலேஜ் முறைதான்."

"அப்பா," என்றாள் மகள், "நீந்தும்போது மூச்சு எப்ப எடுக்கணும்?"

நம்மவர் யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஸ்டூல் வேறு வயிற்றை அழுத்தியது.

"தேவைப்படறப்போ எடுக்கணும்மா," என்றார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா காற்றாடியைப் பார்த்தாள். அதற்குள் ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்து, நம்மவர் தரை தட்டினார். உலர்ந்த பயிற்சி அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை காலையில் தாயும் மகளும் வழக்கம்போல ஓவிய வகுப்புக்குப் போனார்கள். ஏழு மாதமாகப் போகிறார்கள். திரும்பி வரும்போது மகள் தலை ஈரமாக இருக்கும். கேட்டால், தலையில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது, அங்கேயே அலசிவிட்டோம் என்பாள் மனைவி. டப்பாவில் மயிரிழை விரிசலைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற நம்மவர், ஒவ்வொரு வாரமும் தலையில் பெயிண்ட் ஒட்டுவதை நம்பினார். நம்பியதோடு விடவில்லை, பெயிண்ட் எளிதில் போக எந்த எண்ணெய் நல்லது என்று ஆலோசனையும் சொன்னார். மகள் வரைந்ததில் ஒரே ஒரு படம் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. தாள் முழுக்க நீலம், நடுவில் சின்னதாக ஒரு புள்ளி. "அருமையான வானம்" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் போனதும், விட்டால் போச்சு என்று நம்மவர் கீழ்வீட்டுக்கு ஓடினார். ரயில்காரரிடம் பேரன்கள் வந்தால் விளையாட வைத்திருந்த ஒரு காற்றடைத்த குளம் இருந்தது. எட்டடி அகலம். இரண்டடி ஆழம். முட்டிக்கு மேல் நாலு விரல். நம்மவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், சைக்கிள் பம்பால் மாலை வரை காற்றடித்தார். சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டினார். அன்றைக்கு அவர் தூங்கியதுபோல அந்த வாரத்தில் எந்த நாளும் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. மொட்டைமாடியில் குளம், குளத்தில் தண்ணீர், தண்ணீரில் வெயில். மகள் பச்சை வாலோடு விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ரயில்காரரும் தூக்கத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பார்க்க வந்திருந்தார். நம்மவர் ஹெல்மெட்டும் விசிலும் மாட்டிக்கொண்டு கரையில் நின்றார். மேற்பார்வை கரையிலிருந்தே செய்யலாம். யாரும் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. பொய் பிழைத்தது.

"பார்த்தியா? தேடினா கிடைக்கும்னு சொன்னேனா இல்லையா?"

"கெட்டிக்காரர்தான் போங்க," என்றாள் மனைவி. "படிவமெல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் நிரப்பியாச்சு. கையெழுத்துதான் பாக்கி." நம்மவர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்." மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வாங்கினாள். மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். அடியில் வந்து விரலை வைத்தாள். "கையொப்பமிடுபவர் கருவியை முதலில் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும்."

"அது தொழிற்சாலைக்கு எழுதினது."

"வேலை செய்யறவங்களுக்கு ஒரு நியாயம், பெத்த பிள்ளைக்கு ஒரு நியாயமா?"

"கயித்துல இருபது நிமிஷம் தொங்கினாராமே சார்," என்று ரயில்காரர் எடுத்துக் கொடுத்தார்.

நம்மவர் மகளின் வாலை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது. "நான் ரெடிதான். ஆனா என்ன செய்யறது, இது சின்னப் பிள்ளை அளவு. என் ஒரு கால்கூட நுழையாது. அடடா, ரொம்ப வருத்தமா இருக்கு."

மனைவி மாடிப்படிக்குப் பின்னால் போனாள். ஒரு பார்சலோடு வந்தாள். பிரித்தாள். ஊதா நிறத்தில் ஆறடி வால்.

"பெரியவங்க அளவு," என்றாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததாம். ஆனால் மகள் கண்ணை அகல விரித்துக்கொண்டு பார்க்கிறாள். இரண்டடித் தண்ணீர். என்ன ஆகிவிடும்? உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முடிந்தது. அப்படி நினைத்துத்தான் நம்மவர் காலை நீட்டினார்.

வாலுக்குள் நுழைய அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. நுழைந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது: இரண்டு காலும் இனி ஒரு கால். எழுந்து நின்றார், ஒரு குதி குதித்தார், ரயில்காரர் மேல் சாய்ந்தார். கடைசியில் மனைவி தலைப்பக்கமும் ரயில்காரர் துடுப்புப்பக்கமுமாக அவரைச் சுருட்டின கம்பளம் போலத் தூக்கிக்கொண்டு வந்து விளிம்பில் உட்கார வைத்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னாள் மனைவி. அதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாம்பியன் மாதிரி காட்டுங்கப்பா," என்றாள் மகள்.

காற்றடைத்த விளிம்பு வழுக்கியது. நம்மவர் உட்கார நினைத்தார், குப்புற விழுந்தார்.

தண்ணீர் மூக்கில் ஏறியது. காலை ஊன்றப் பார்த்தார், ஊன்றக் கால் இல்லை. கையை வீசினார், கொசு விரட்டுகிற அதே வீச்சு. துடுப்பு தன் பாட்டுக்கு ஆடி அவரை நடுக்குளத்துக்குத் தள்ளியது. மேலே வந்த ஒரு நொடியில், "காப்பாத்துங்க, எனக்கு நீச்சல் தெரியாது," என்று அலறினார். பதினொரு வருஷத்துப் பொய் அந்த ஒரு வாக்கியத்தில் போனது. மறுபடியும் உள்ளே போனார். விசிலைக் கவ்விக்கொண்டு ஊதிப் பார்த்தார். குமிழிதான் வந்தது.

அப்போது பக்கத்தில் பச்சையாக ஏதோ வழுக்கிக்கொண்டு வந்தது. சத்தமே இல்லை, தண்ணீர்கூடத் தெறிக்கவில்லை. ஒரு சின்னக் கை அவர் தோளைப் பிடித்து மல்லாத்தியது. இன்னொரு கை தாடைக்கு அடியில் வந்தது. ஹெல்மெட்டோடு நம்மவர் பின்பக்கமாக இழுபட்டு ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்.

"அப்பா, பயப்படாதீங்க. அப்படியே உட்காருங்க. உட்கார்ந்தா தண்ணி வயிறு வரைக்கும்தான்."

உட்கார்ந்தார். தண்ணீர் வயிறு வரைக்கும்தான் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ரயில்காரர் நல்ல மனுஷன், பக்கத்துக் கட்டடத்து ஆன்டெனாவை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் இருமி முடித்தார்.

"எங்கம்மா கத்துக்கிட்டே இதெல்லாம்?"

"ஓவிய கிளாஸ்ல."

"அங்க ஓவியம்தானே சொல்லித் தருவாங்க?"

"அது நீச்சல் குளம்ப்பா. அம்மா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க, உங்களுக்கு சர்ப்ரைஸ்னு. நான் ஒரு படம் வரைஞ்சு தந்தேனே, முதல் நாள் மிதந்தப்போ. நடுவுல இருந்த புள்ளி நான்தான்."

நம்மவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஏழு மாதம் அதை வானம் என்றே காட்டிக்கொண்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாகப் பயமாக இருந்தது. இன்றைக்கு விழுந்தது அவர். இவள் விழுந்து, பக்கத்தில் அவர் மட்டும் நின்றிருந்தால்? ஊரிலுள்ள ஏணியெல்லாம் ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்க்கிறவன், பெற்ற பிள்ளை தண்ணீரில் போனால் கரையில் நின்று விசில்தான் ஊதியிருப்பான். இதை அவர் என்னிடம் சொல்லும்போது கிண்டல் இல்லை.

"மன்னிச்சுக்கோம்மா," என்றார். "சாம்பியன்னு சொன்னது பொய்."

"தெரியும்ப்பா."

"எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை. தேவைப்படறப்போ மூச்சு எடுக்கணும்னீங்களே, அப்பவே."

நம்மவர் மனைவியைப் பார்த்தார். "உனக்கு?"

"கிளினிக்ல முதல் நாளே."

"முதல் நாளேவா? எப்படி?"

"தோளைப் பிடிச்சுப் பார்த்தேனே. நீந்தறவங்க தோள் அப்படியாங்க இருக்கும்? அது நாற்காலித் தோள்."

"நீ 'ம்ம்'னியே?"

"சொன்னேன். ஒழுங்கா ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியலை, இந்த ஆளை நம்பிக் கட்டிக்கலாம்னு நினைச்சேன். அதான் 'ம்ம்'."

நம்மவர் வயிறு வரைக்கும் தண்ணீரில், இடுப்புக்குக் கீழே ஊதா நிறத்தில், அந்த "ம்ம்"மைப் பதினொரு வருஷம் கழித்துப் புதிதாகக் கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லலை. பிள்ளை வளர்ந்துக்கிட்டே இருக்கா. இன்னும் எத்தனை வருஷம் உங்களுக்கு ஆத்தங்கரையில காது வலிக்கும்?" என்று சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நீச்சல் குளத்து உறுப்பினர் அட்டை. தொடக்க வகுப்பு, சனிக்கிழமை காலை ஏழு மணி. மூலையில் நம்மவரின் புகைப்படம், மஞ்சள் ஹெல்மெட்டோடு. பெரியவர்கள் பிரிவில் இடம் இல்லாததால் ஐந்து வயசுக்காரர்களோடு சேர்த்திருந்தார்கள்.

நம்மவர் பழக்கதோஷத்தில் தேதியைப் பார்த்தார். சேர்ந்த நாள், மகளின் பிறந்த நாளுக்கு இரண்டு வாரம் முந்தினது. அப்படியானால் தொட்டி, ஏணி, ஸ்டூல், காற்றடித்துக் காற்றடித்துக் கழன்ற கை? இவள் இத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அப்ப வாலு? உன் தங்கச்சி அனுப்பினது?"

"தங்கச்சிக்கு எப்படிங்க உங்க இடுப்பு அளவு தெரியும்?"

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. ரயில்காரரும் மனைவியுமாக அவரை மறுபடி தூக்கி வெயிலில் காய வைத்தார்கள்.

சனிக்கிழமை வந்தது. நம்மவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்க பிரிட்ஜைத் திறக்கப் போனார். கதவில் அந்த நீலப் படம். பக்கத்தில் காந்தம் வைத்து ஒரு தாள். நன்றாகப் பழகின தாள்தான், படிவம் ஏழு. பச்சை மெழுகுப் பென்சிலால் எல்லாக் கட்டமும் நிரப்பி, அடியில் மகள் கையெழுத்துப் போட்டிருந்தாள். "முதலில் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும்" என்ற இடத்துக்கு எதிரே, "இழுத்துப் பார்த்தாச்சு, கனம்" என்று குறிப்பு வேறு. நம்மவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து படித்தார்.

கருவியின் பெயர்: அப்பா. அனுமதிக்கப்பட்ட ஆழம்: முட்டி வரைக்கும்.